காயாத படுதா

காலை ஆறேகாலுக்கு, எங்களுக்கு ஆஜர் எடுக்கும் மஸ்டர் ஷெட்டின் மூலையில் படுதாக்கள் குவிந்து கிடக்கும். தேயிலைச் செடியின் ஈரம் படாமல், குச்சி குத்தாமல் இடுப்புக்குக் கீழே நாங்கள் சுற்றிக்கொள்ளும் கனத்த பிளாஸ்டிக் தாள்தான் படுதா. அறுபது பெண்கள் முந்தின நாள் சாயங்காலம் மழையோடு அவிழ்த்துப் போட்டவை, விடிய விடிய ஒன்றன்மேல் ஒன்றாகப் புழுங்கி, எடுக்கும்போது உள்பக்கம் கொழகொழவென்றிருக்கும். புளித்த இலையும் வேர்வையும் கலந்த வாடை மூக்கில் ஏறும். கைக்கு எது வருகிறதோ அதை உருவி, இரண்டு சுற்றுச் சுற்றி, கயிற்றால் இறுக்க வேண்டும். கயிறு இறுகியதும் இடுப்பைச் சுற்றிக் குளிர் பாயும். மேட்டில் ஏறி உடம்பு சூடானதும் அதே இடத்தில் அரிப்பு தொடங்கும்.

முன்பெல்லாம் அவரவர் படுதாவை அவரவர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். லயத்தில் கூரை ஒழுகியது. கம்பெனி கூரையைச் சரிசெய்யாததால் சிலர் படுதாவைக் கூரைமேல் விரித்துக் கல்லை வைத்தார்கள். அதைப் பார்த்த மேனேஜர், கூரையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், படுதா கம்பெனிச் சொத்து, இனி ஷெட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். அன்றிலிருந்து இந்தக் குவியல். பீர்மேட்டு மழையிலும் பனியிலும் எங்கள் கூவமலை எஸ்டேட்டில் குவியலில் கிடந்த எதுவும் காய்ந்ததில்லை.

குவியலில் கை வைக்காதவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். ஜோமோள். முப்பது வயது, வண்டிப்பெரியாறு பக்கத்திலிருந்து மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்தவள். மஸ்டருக்கு வரும்போதே படுதாவைக் கட்டிக்கொண்டு வருவாள்; அதிகம் பறிக்கிறவள் என்று சூப்பர்வைசரும் கண்டுகொள்வதில்லை. மூலையில் சிவப்பு நூல் கட்டிய, நன்றாகக் காய்ந்த படுதா. நடக்கும்போது சரசரவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

எனக்குப் பக்கத்து நிரைதான் அவளுக்கு. நான் செடிக்கு மறைவில் குனிந்து, கொழுந்து தேடுகிற பாவனையில் இடுப்பைச் சொறிந்து நிமிர்வதற்குள் அவள் நான்கு செடி தாண்டியிருப்பாள். சாயங்காலம் தராசடியில் சூப்பர்வைசர் ஜின்சன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எடையைச் சொல்லுவான்.

"ஜோமோள், அம்பத்திரெண்டு. சிசிலி, இருபத்திமூணு. என்னக்கா, இலைய எண்ணி எண்ணிப் பறிக்கியளா?"

சிரிப்பான். அவன் சிரிப்புக்காக நான் வருந்தவில்லை, என் கவலை வேறு. ஏப்ரலில் ஆபீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். மூன்று மாதம் சேர்ந்தாற்போல் நாளுக்கு இருபத்தேழு கிலோவுக்குக் கீழே பறிக்கிற ஆளின் பேர், நிரந்தர ஆட்களின் பதிவான செக்ரோலில் நிற்காது. பேர் போனால் லயத்து வீடும் போகும். எங்கள் வீடு என் பேரில்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கபிரியேல் ஃபேக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிற தற்காலிக ஆள். இருபத்திரண்டு வருஷம் படுத்து எழுந்த வீடு போகாமல் இருக்க எனக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. இரண்டு மாதம் ஏற்கெனவே குறைந்துவிட்டது.

அதற்கு முன்பே, மே மாதம் குழாயடியில் ஜோமோள் என் இடுப்பைப் பார்த்துவிட்டாள். வட்டம் வட்டமாக, ஓரம் சிவந்து, நடுவில் செதிலாக இருந்தது.

"அக்கா, இது படர்தாமரை. எனக்கும் இருந்துச்சு. பிஎச்சிக்குப் போங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரிதான், டாக்டரம்மா நல்லாப் பாப்பாங்க. நாலு வாரம் கிரீம் பூசச் சொல்வாங்க."

"யாருக்குட்டி படர்தாமரை? அட்டை கடிச்ச தடம்."

"அட்டை இப்படி வட்டம் போட்டாக் கடிக்கும்?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நோயைவிட, அதை அவள் பார்த்துவிட்டாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு வந்தது போய்விட்டதாம். எனக்கு மட்டும் நிற்கிறதாம். சர்ச்சில் முழங்கால் போட்டு நிற்கும்போதுகூட அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு, மாதாவே, இவளுக்கு மட்டும் ஏன் என்று கேட்டிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டேன்.

ஒருநாள் டீ நேரத்தில் அவள் பை மரக்கிளையில் தொங்கியது. கையை விட்டேன். சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில், பாதி தீர்ந்த ஒரு டியூப் இருந்தது. நடுவில் அமுக்கி விரல்நுனியளவு எடுத்துச் செடிக்குப் பின்னால் போய்ப் பூசினேன். மறுநாளும் அப்படியே. அரிப்பு நின்றபாடில்லை. இந்தக் கள்ளி வேறு எதையோ பூசிக்கொண்டு சும்மா இந்த டியூப்பைப் பையில் வைத்துத் திரிகிறாள் என்று முடிவு கட்டினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டவுனில் ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். இடுப்பைக் காட்ட வெட்கப்பட்டுத் திணறியபோதே கடைக்காரன் ஒரு டியூப்பை எடுத்து வைத்தான்.

"இது கொண்டுபோ சேச்சி. ரெண்டே நாள்."

அவன் சொன்னது பொய்யில்லை. இரண்டாம் நாள் அரிப்பு நின்றது, சிவப்பு மங்கியது. மூன்றாம் நாள் பூசுவதை நிறுத்தினேன். அந்த வாரம் நாளுக்கு முப்பத்தொரு கிலோ பறித்தேன். ஜின்சன் சொன்ன எடையை ஜோமோள் கேட்டாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

அதோடு நின்றிருக்கலாம். எனக்கு அவளைவிட ஒரு படி மேலே ஏற வேண்டியிருந்தது. யார் யார் செடிக்குப் பின்னால் சொறிகிறார்கள் என்பது சொறிகிறவளுக்குத்தான் தெரியும். ஏழு பெண்களை ஒவ்வொருத்தியாக ஒதுக்கிக் கூப்பிட்டு, அந்த டியூப்பிலிருந்து பிதுக்கிக் கொடுத்தேன். "ஜோமோளு நாலு வாரம் பூசினாளாம். இது ரெண்டு நாளு" என்று சொன்னேன். அவர்கள் என்னை டாக்டரம்மா என்று கேலியாகவும் நன்றியாகவும் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாவது நாள் அரிப்பு திரும்பி வந்தது. இந்த முறை வட்டத்துக்குள் வட்டமாக, அடிவயிறு, தொடை என்று இறங்கியது. இன்னொரு டியூப் வாங்கினேன், பிறகு இன்னொன்று. பூசும்போது அடங்கும், விட்டால் முன்பைவிட அகலமாகப் படரும். தோல் மெலிந்து, சேலை பட்டாலே எரிந்தது. எடை இருபத்தொன்றுக்கு இறங்கியது. அந்த ஏழு பேருக்கும் அதே கதை. ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. டாக்டரம்மா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

அந்த நாட்களில்தான் ஜோமோள் சாயங்காலம் தராசடியிலிருந்து லயத்துக்குப் போகாமல் ஃபேக்டரியின் பின்பக்கம் நழுவுவதைக் கவனித்தேன். கொழுந்துச் சாக்கை மடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவாள். பின்பக்கம் இருப்பது அடுப்பறை. அடுப்பறையில் இருப்பது கபிரியேல்.

இதற்குமேல் என் மனசு எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதமாக நான் என் வட்டங்களை மறைத்து, அவருக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தேன். வழுவழுத்த தோலுள்ள ஒருத்தி அங்கே போகிறாள். மறுநாள் விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று கதவிடுக்கில் பார்த்தேன்.

ஜோமோள் சாக்குக்குள்ளிருந்து படுதாவை எடுத்து நீட்டினாள். கபிரியேல் அதை உதறி, சூடுகாற்றுக் குழாய்க்கு மேலே கட்டியிருந்த கம்பியில் விரித்துப் போட்டார். அவள் ஏதோ சொல்ல இருவரும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தச் சிரிப்பே எனக்குப் போதுமாக இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"நல்லாருக்குய்யா. கட்டினவ ஈரத்துல கெடந்து அழுகுதா. அடுத்தவ படுதாவுக்கு அனல் காட்டுதீங்களோ?"

கபிரியேல் கதவைச் சாத்தினார். "கத்தாத சிசிலி. ஃபோர்மேன் காதுல விழுந்தா எனக்கும் வேலை இல்ல. நீ ஈரத்துல அழுகுதன்னு எப்பச் சொன்ன? மூணு மாசமா என்னைக் கண்டா சேலைய இழுத்து மூடிக்கிட்டு சுவரப் பாக்க. எம்மேலதான் என்னமோ வெறுப்புன்னு நெனச்சேன்."

ஜோமோள்தான் பேசினாள்.

"கிறிஸ்மஸ் சமயத்துல எனக்குத் தொடை வரைக்கும் வந்துருச்சுக்கா. கிரீம் மட்டும் போட்டாப் பத்தாது, ஈரத்தைக் கட்டாதன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஈரப் படுதாவக் கட்டாம எப்படிக் கொழுந்துக்குப் போறது? அண்ணங்கிட்டக் கெஞ்சினேன். ஒரே ஒரு படுதாதானேன்னு சரின்னாங்க. விடியுமுன்ன வந்து எடுத்துக் கட்டிக்குவேன்."

"பிஎச்சிக்குப் போன்னு சொன்ன வாய் இதச் சொல்லலியே."

அவள் சாக்கின் நூலைப் பிய்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லலக்கா. அறுபது படுதா வந்தா மேனேஜருக்குத் தெரிஞ்சு கதவ அடைச்சிருவாங்க, எனக்கும் இல்லாமப் போயிரும்னு பயந்தேன். தப்புதான்."

அவள் ஒத்துக்கொண்டதும் என் கோபம் பிடிமானமில்லாமல் போயிற்று. "நானும் ஒன்னு செஞ்சேன். உன் டியூப்புல எடுத்தேன்" என்றேன்.

"தெரியும்க்கா. போட்டு முடிச்ச மிச்சத்த அடியிலேருந்து சுருட்டி வச்சிருந்தேன். நடுவுல அமுங்கியிருந்துச்சு." சாக்கை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு நாளுக்கப்புறம் அமுங்கல. அதான் வருத்தமா இருந்துச்சு. விடாமப் போட்டிருந்தீங்கன்னா ஒரு டியூப்ப உங்ககிட்டயே குடுத்திருப்பேன்."

மறுநாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஜோமோளும் நானும், நான் கெடுத்த ஏழு பேரில் ஐந்து பேரும் ஜீப்பில் பிஎச்சிக்குப் போனோம். டாக்டரம்மா சின்னப் பெண், மலையாளத்துக்காரி, தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். என் கடை டியூப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"இதில் ஸ்டீராய்டு உண்டு. இது அரிப்பை மட்டும் உறங்க வைக்கும். பூஞ்சை உள்ளே சுகமாய் வளரும். தோல் கேடு ஆகும். இதை யாருக்கெல்லாம் கொடுத்தது?"

நான் பின்னால் இருந்த ஐந்து பேரையும் காட்டினேன். அவள் திட்டவில்லை. கடை டியூப்பைத் திரும்பத் தொடாதே என்றாள். பூஞ்சைக்கு மட்டுமான, வேறு எதுவும் கலக்காத கிரீமைக் கொடுத்தாள். எனக்கு ரொம்பப் படர்ந்துவிட்டதால் மாத்திரையும் எழுதினாள். காலையும் மாலையும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிசாகப் பூச வேண்டும். வட்டத்தின் மேல் மட்டும் போதாது, விளிம்பைத் தாண்டி இரண்டு விரலகலம் நல்ல தோலிலும் பூச வேண்டும். பூசியபின் கையைக் கழுவ வேண்டும். ஒருத்தி துண்டை, டியூப்பை இன்னொருத்தி தொடக் கூடாது. எரிச்சல் கூடினாலும், சொன்ன நாளில் குறையாவிட்டாலும், கடைக்குப் போகாமல் திரும்பி அவளிடமே வர வேண்டும்.

"முக்கியம் ஒன்று. அரிப்பு நின்றால் நிறுத்தாதே. நான்கு வாரம். கண்ணுக்குத் தெரியாமல் போனாலும் வேர் இருக்கும், கேட்டோ."

"எல்லாம் செய்யுதோம்மா. நாளைக்குக் காலையில அதே ஈரப் படுதாவைத்தானே கட்டணும்?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அதுக்கு என்னிடம் மருந்து இல்லை சேச்சி" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம்தான் எங்களைக் கிளப்பியது. புதன்கிழமை டீ நேரத்தில் நான் செடிகளுக்கு நடுவே நின்று, எல்லாரும் பார்க்க, என் இடுப்பைக் காட்டினேன். பிறகு ஒருத்தி சேலை ஓரத்தை விலக்கினாள், பிறகு இன்னொருத்தி. ஜோமோள் எண்ணினாள். அறுபதில் நாற்பத்தொரு பேர். ஒரே நோயை நாற்பத்தொரு ரகசியமாக வைத்திருந்தோம். ஜோமோளின் காய்ந்த படுதாவைப் பார்த்து வயிறெரிந்தது நான் மட்டும் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருத்தி அதைக் கத்தியால் கிழிக்கக்கூட நினைத்திருந்தாளாம். அறுபது பேருக்கும் உரிய ஒன்றுக்காக ஒருத்தியைக் கரித்துக் கொட்டியிருக்கிறோம்.

மனு எழுதினோம். ஆளுக்கு இரண்டு படுதா, ஒன்று காயும்போது ஒன்றைக் கட்ட. காயப்போட அடுப்பறை. எஸ்டேட்டில் மூடிக் கிடக்கும் டிஸ்பென்சரிக்கு வாரம் ஒருமுறை ஒரு டாக்டர். சிகிச்சை முடியும்வரை இருபத்தேழு கிலோக் கணக்கை யார்மேலும் பார்க்கக் கூடாது. யூனியன்காரர் கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்தார். பன்னிரண்டு நாள் ஆகியும் பதில் இல்லை. என் மூன்றாவது மாதத்தில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.

திங்கட்கிழமை காலை மஸ்டர் ஷெட்டில் யாரும் படுதாவை இடுப்பில் கட்டவில்லை. ஜோமோள் கொண்டுவந்த சிவப்புப் பெயின்டில் ஆளுக்கொன்றில் பேர் எழுதினோம். தண்ணீர் சொட்டச் சொட்டத் தோளில் போட்டுக்கொண்டு அறுபது பேரும் ஃபேக்டரியைச் சுற்றி நடந்தோம். அடுப்பறைக் கதவு சாத்தியிருந்தது. நான் தட்டவில்லை. அவருக்கும் வேலை போகும், அவரே முடிவு செய்யட்டும் என்று நின்றேன். கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் விலகியது. கபிரியேல் கரி படிந்த கையால் என் படுதாவைத்தான் முதலில் வாங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

கம்பியிலும் விறகு ஷெட்டின் கழிகளிலும் அறுபது படுதாவும் தொங்கின. மேனேஜரின் ஜீப் வந்து நின்றது. அவர் குடையோடு இறங்கினார், பின்னால் ஜின்சன்.

"என்ன இது? ஃபேக்டரி என்ன துணி காயப்போடுற இடமா?"

"துணி இல்ல சார், கம்பெனிச் சொத்து. நீங்கதான் சொன்னீங்க" என்றாள் ஜோமோள்.

"தேயிலையில நாத்தம் பிடிக்கும்."

"இது தேயிலை போற வழி இல்லங்க சார், விறகு போற வழி. இங்க வர்ற சூடு சும்மாதான் வெளிய போவுது" என்றார் கபிரியேல்.

"உங்கிட்ட நான் கேக்கலை." மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "இந்தச் சொறி எப்படிப் பரவுச்சுன்னு எனக்குத் தெரியும். படுதாவும் இல்ல, மழையும் இல்ல. கடையில கண்ட மருந்தை வாங்கி ஒருத்தி எல்லாருக்கும் பூசிவிட்டிருக்கா. அவ பேரைச் சொல்லுங்க. அவமேல நடவடிக்கை எடுத்துட்டு மத்தவங்களை இன்னிக்கு வேலையில சேத்துக்கறேன்."

என்னால் தோல் கெட்ட ஏழு பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒருத்தியின் கண்கூட என் பக்கம் திரும்பவில்லை. ஜோமோள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் டியூப்பை நான் திருடினேன், எத்தனை தடவை அவளைச் சபித்திருக்கிறேன். ஒரு சொல் சொன்னால் அவளுக்குக் கணக்குத் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை.

"நான்தான் சார்" என்று முன்னால் போனேன். "வெவரம் தெரியாமக் குடுத்தேன். இவளைவிட ஒசத்தின்னு காட்டணும்னு குடுத்தேன். அது என் தப்பு, யார்கிட்ட வேணாலும் ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த டியூப்பை வாங்கறதுக்கு முன்னாடியே எனக்கு வந்துருச்சு. உங்க குவியலத் தொடாத இவளுக்குப் போச்சு, மறுபடி வரல. கிரீம் தப்பு என்னுது சார். ஈரம் உங்களுது."

"ஜின்சன், பேரை எழுது."

"எம் பேரையும் எழுதுங்க. திருட்டுத்தனமாப் படுதா காயப் போட்டவ நான்" என்றாள் ஜோமோள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி தன் பேரைச் சொன்னாள். பிறகு அந்த ஏழு பேரும் சொன்னார்கள். பிறகு யார் சொல்கிறார்கள் என்று பிரிக்க முடியாதபடி பேர்கள் வந்தன. ஜின்சன் பேனாவைத் திறந்தபடி நின்றான், எழுதவில்லை. இடது பூட்ஸால் வலது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தேய்ப்பு எங்கள் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த தேய்ப்பு.

மேனேஜர் குடையை மடக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

பதினொரு மணிக்கு ஜின்சன் மட்டும் திரும்பி வந்தான். இன்றைக்கு ஒருநாள் படுதாவைக் காயவைத்துக்கொள்ளலாம், நடவடிக்கை இல்லை, மனுவைப் பிறகு பார்ப்பார்கள், இப்போதே மலைக்கு ஏறினால் அரைநாள் கூலி போட்டுத் தருவார்கள் என்றான். பெண்களிடையே சலசலப்பு எழுந்தது. நனைந்துபோயிருந்தோம், பசித்தது. இரண்டு பேர் எழுந்து சேலையைப் பிழிந்தார்கள். "காயவிட்டாங்கல்லா, போதும்க்கா" என்றாள் அவர்களில் ஒருத்தி.

அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"அரிப்பு நின்னதும் கிரீமை விட்டவ நான். எங்கதி என்னாச்சுன்னு ஒனக்குத் தெரியும்லா? உன் கதியும் என்னாலதான் ஆச்சு. உக்காரு. வேரு போவட்டும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "சரி டாக்டரம்மா" என்று உட்கார்ந்தாள். பிழிந்த சேலையோடு மற்றவளும் உட்கார்ந்தாள். ஜின்சன் எங்களையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன சொல்லணும் அவங்ககிட்ட?" என்று கேட்டான். "நாலு கேட்டிருக்கோம்னு சொல்லு. ஒன்னுகூட இன்னும் எழுத்துல வரலன்னு சொல்லு" என்றாள் ஜோமோள்.

அவன் போனான். ஃபேக்டரி வராந்தாவில் அறுபது பேரும் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். என் வீடு நிற்குமா என்று அப்போதும் தெரியாது. கபிரியேல் மறுநாள் உள்ளே விடப்படுவாரா என்றும் தெரியாது. எனக்குக் கிரீம் பூச இன்னும் பதினான்கு நாள் இருந்தது.

ஜோமோள்மேல் பொறாமை தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். பெயின்டில் அவள் எழுதிய பேர் என்னுடையதைவிட அழகாக இருந்தது, அதைக்கூட நான் கவனித்தேன். ஆனால் உள்ளே அனல்காற்றில் படுதாக்கள் காயத் தொடங்கியிருந்தன. சரசரவென்று சத்தம் வந்தது. எது அவளுடையது என்று எத்தனை கவனமாகக் கேட்டும் எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.